வீட்டுச் செலவில் மிஞ்சியது

செம்பூரில் நாங்கள் இப்போது இருக்கும் அறைக்குள்ளேயே ஒரு குழாய் உண்டு. காலை ஐந்தரைக்கும் மாலை ஐந்துக்கும் அது ஒரு முறை இருமும், பிறகு தண்ணீர் வரும். கதவைச் சாத்திக்கொண்டு, யாருடைய குடத்தையும் நகர்த்தாமல், யாரிடமும் ஏச்சு வாங்காமல் பிடித்துக்கொள்ளலாம். இந்த அறையும் குழாயும் என் சாமர்த்தியம் என்று தாராவியில் எங்கள் பழைய சந்தில் இன்றைக்கும் பேசுகிறார்கள். படித்த பெண், வேலைக்குப் போனாள், சிக்கனம் பிடித்தாள், இரண்டே வருஷத்தில் தாய் தகப்பனைச் செம்பூருக்குக் கொண்டுவந்துவிட்டாள் என்று. நானும் அதை மறுத்ததில்லை. யாராவது சொன்னால் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைப்பார்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குத் தாராவியிலேயே தோல் பதனிடும் பட்டறையில் வேலை. அம்மா கைநாட்டு. இரண்டு பேரும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணம் ஆன புதிதில் ரயிலேறி வந்தவர்கள். நான் மெட்ரிக் தேறி, டைப்பிங்கும் படித்து, விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. முதல் நாள் மேஜையில் எனக்கு முன்னால் இருந்த இயந்திரத்தின் உறையைக் கழற்றியபோது, எங்கள் சந்து முழுவதும் என் பின்னால் நின்று பார்ப்பதுபோல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

அலுவலகத்தில் என்னோடு டைப் செய்த இரண்டு பெண்களும் மாதுங்காவைச் சேர்ந்தவர்கள். ஒருத்தி கண்ணாடி போட்டவள், கெட்டிக்காரி. இன்னொருத்தி எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். நல்ல பெண்கள். "நோக்கு எங்கே வீடு?" என்று முதல் வாரம் கேட்டார்கள். "சயான் பக்கம்," என்றேன். சயான் ஸ்டேஷனில்தான் நான் ஏறி இறங்குவேன், அதனால் பொய் இல்லை. ஆனால் அதற்கு மேல் ஒரு நாளும் சொல்லவில்லை. அவர்கள் வீட்டுக்கு நான் போயிருக்கிறேன், சாப்பிட்டிருக்கிறேன். அவர்களை என் வீட்டுக்குக் கூப்பிட முடியவில்லை. தோல் ஊறும் வாடை எங்களுக்குத் தெரியாது, வருகிறவர்களுக்குத் தெரியும்.

எங்கள் தொழிற்சாலை ஸ்டோர்கீப்பருடைய உறவினர் ஒருவர் செம்பூரில் ஒரு சாலில், வரிசையாக ஒற்றை அறைகள் உள்ள கட்டடத்தில், குடியிருந்தார். ஒன்றரை வருஷம் கழித்து வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்குப் போகப்போகிறவர். இங்கே வாடகை அறைக்கும் முதலில் மொத்தமாக ஒரு தொகை கொடுத்தாக வேண்டும், பகடி என்பார்கள். அந்த ஏப்ரலுக்குள் பகடிப் பணம் முழுசாகக் கையில் இருந்தால் அறை எங்களுக்கு, இல்லாவிட்டால் அடுத்து நிற்கிற ஆளுக்கு என்று சொல்லிவிட்டார். நான் போய் அறையைப் பார்த்தேன். ஒரு ஜன்னல், ஒரு கதவு, அந்தக் குழாய். குழாயைத் திறந்து தண்ணீரில் கை வைத்தேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் உட்காரவைத்தேன். ஒரு நோட்டில் நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் வேண்டியது, அந்தப் பக்கம் வேண்டாதது என்று எழுதினேன். அப்பா சாயங்காலம் குடிக்கும் இரண்டாவது டீ, அம்மாவின் வெற்றிலை, வெள்ளிக்கிழமைப் பூ, ஞாயிற்றுக்கிழமை மீன், ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் போயிற்று.

"மீனுமா?" என்றாள் தங்கச்சி. அவளுக்குப் பதினோரு வயது.

"மாசத்துக்கு ஒரு தடவை."

"அப்பம் அந்த ஒரு தடவைக்கு எனக்கு ரெண்டு துண்டு. அதையும் எழுது."

"எழுதிக்கிட்டே வா," என்றார் அப்பா. "என் தலையில முடி கெடக்குல்லா, அதையும் வேண்டாததுன்னு எழுதிக்க. எண்ணெய்ச் செலவு மிஞ்சும்."

எல்லாரும் சிரித்தோம். நான் அடுத்த வரியில் அரிசி என்று எழுதிய பிறகு சிரிப்பு நின்றது.

அவை பம்பாயில் ரேஷன் கெடுபிடியாக இருந்த வருஷங்கள். கார்டுக்கு அரிசி கொஞ்சம்தான் போடுவார்கள். அதிலும் கல்லும் புழுவும். மீதிக்குக் கோதுமை, சில வாரம் சிவப்புச் சோளம். வெளியிலிருந்து அரிசியை நகரத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று சட்டம். ஆனால் கல்யாணுக்கு அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து பெண்கள் வயிற்றைச் சுற்றித் துணிப்பையில் அரிசியைக் கட்டி, மேலே சேலையைச் சுற்றிக்கொண்டு ரயிலில் வருவார்கள். பிளாக் அரிசி. விலை இரண்டு பங்குக்கு மேல். எங்கள் சந்தில் எல்லா வீட்டிலும் அதைத்தான் வாங்கினார்கள். மற்றவர்கள் சிகரெட்டுக்கும் சினிமாவுக்கும் செலவழித்தார்கள் என்றால் நாங்கள் சோற்றுக்குச் செலவழித்தோம்.

"பிளாக் அரிசி இனிமேல் கிடையாது. ரேஷன் கோதுமை போதும்," என்றேன்.

"ஏட்டி, ஒங்க அப்பாவுக்குக் கோதும ஒத்துக்கிடாது," என்றாள் அம்மா. "வயிறு இரைச்சல் போடும்."

"பம்பாய் முழுக்கச் சப்பாத்திதாம்மா திங்குது."

"அவுக வயிறு வேற, இவுக வயிறு வேற. சப்பாத்தி தட்ட எனக்குத் தெரியவும் செய்யாது."

"எதிர் வீட்டு மராத்திக்கார அம்மாகிட்ட கேட்டுக்கோ. ஒரு நாள்ல வந்துரும்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா, "போட்டதத் திங்கேன். பிள்ளை ஒரு காரியம் நெனச்சிருக்கு," என்று சொல்லி எழுந்துவிட்டார்.

வேண்டியது என்ற பக்கத்தில் நான் எழுதியவற்றையும் சொல்லிவிடுகிறேன். என் ரயில் பாஸ். என் சேலைகளுக்கு இஸ்திரி. வருஷத்துக்கு ஒரு ஜோடி செருப்பு. சனிக்கிழமை மதியம் அந்த இரண்டு பெண்களோடு மாதுங்கா ஓட்டலில் ஒரு காப்பி. அலுவலகத்தில் ஒத்துப்போக அது அவசியம் என்று விளக்கம் வேறு சொன்னேன். யாரும் விளக்கம் கேட்கவில்லை.

அதுவரை அப்பா கூலியை அம்மா கையில் கொடுப்பார். அந்த வாரத்திலிருந்து என்னிடம் கொடுத்தார். நான் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வாரச் செலவுக்கு அம்மாவிடம் எண்ணிக் கொடுப்பேன். அடுத்த சனிக்கிழமை, மிஞ்சியதை அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து என்னிடம் கொடுப்பாள். நான் திங்கட்கிழமை தபால் ஆபீசில் கட்டிவிடுவேன். இருபது வருஷமாக அந்த வீட்டை நடத்தியவள் தன் பெண் முன்னால் முடிச்சை அவிழ்த்து நிற்பது அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒழுங்கு வந்துவிட்டது என்றுதான் தோன்றியது.

முதல் மூன்று மாதம் எல்லாம் நன்றாக நடந்தது. பிறகு அப்பாவுக்கு வயிற்று வலி வந்தது. பட்டறையில் தோல் தொட்டிக்குள் இறங்கி நிற்கிறவர், இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டில் சுருண்டு கிடந்தார். அம்மா சீரகத் தண்ணீர் போட்டுக் கொடுத்தாள். நான் அலுவலகத்திலிருந்து வந்து, "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டேன். கேட்டபோதே இரண்டு நாள் கூலி போயிற்றே என்று மனதுக்குள் கழித்துக்கொண்டிருந்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது எழுத்தைப் பற்றிய பேச்சுதான்.

அதற்குப் பிறகு அப்பாவுக்கு வயிற்று வலி வரவில்லை. பழகிவிட்டது என்று நினைத்தேன். அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவார், அப்போது நான் விக்ரோலியில் இருப்பேன். ராத்திரி எல்லாருக்கும் சப்பாத்திதான். நான் காலையிலும் அதையே டப்பாவில் எடுத்துப் போனேன். வீட்டுக்கே முன்மாதிரியாக இருக்கிறேன் என்று எண்ணம்.

அது மட்டுமில்லை. அம்மா திருப்பிக் கொடுக்கும் மிச்சம் ஏறத் தொடங்கியது. முதல் வாரம் ஒரு ரூபாய் கூடுதலாக இருந்தது. பிறகு இரண்டு. நான் வியந்துபோனேன். இவ்வளவு நாள் எவ்வளவு வீணாகப் போயிருக்கிறது பார் என்று நினைத்தேன். மாதுங்காப் பெண்களிடம்கூடச் சொன்னேன். "எங்க வீட்டுல செலவெல்லாம் நான்தான் பாக்கறேன். கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சா எவ்வளவு மிஞ்சறது தெரியுமா?" அவர்களோடு பேசும்போது என் பேச்சும் அவர்கள் பேச்சாக மாறிவிடும்.

மிஞ்சுகிறது என்றால் இன்னும் குறைக்கலாம் என்றுதானே அர்த்தம். வாரச் செலவுக்குக் கொடுப்பதைக் குறைத்தேன். அம்மா வாங்கி முடிந்துகொண்டாள். அடுத்த சனிக்கிழமையும் மிஞ்சியது. மறுபடி குறைத்தேன். மறுபடி மிஞ்சியது. பள்ளிக்கூடத்தில் கணக்கில் எனக்கு நல்ல மார்க். இந்தக் கணக்கில் எங்கேயோ தப்பு இருக்கிறது என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

எனக்கும் தெரிந்திருந்தது என்று சொல்வதுதான் நியாயம். ஒரு ராத்திரி அம்மா என் தட்டில் ஒரு கரண்டி சோறு வைத்தாள். "மத்தியானம் மிஞ்சுனது. ரேஷன் அரிசிதாம்," என்றாள். வெள்ளையாக, கல் இல்லாமல், பூப்போல இருந்தது. ரேஷன் அரிசி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தின்றேன். இன்னொரு நாள் அவள் சேலை மாற்றும்போது இடுப்பைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குத் தோல் சிவந்து கொப்புளித்திருந்ததைப் பார்த்தேன்.

"என்னம்மா இது?"

"வேர்க்குரு. இந்த ஊரு புழுக்கத்துக்கு வராம என்ன செய்யும்?"

"பவுடர் வாங்கிப் போடணும்," என்றேன். பிறகு பவுடர் எந்தப் பக்கத்தில் வரும் என்று யோசித்தேன். வாங்கவில்லை.

அது ஒரு சனிக்கிழமை, ஏப்ரலுக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. அலுவலகம் ஒரு மணிக்கு விட்டது. மூன்று பேரும் வழக்கம்போல ஒன்று இருபது வண்டிக்காக விக்ரோலி ஸ்டேஷனில் நின்றோம். நான் பச்சைச் சேலை கட்டியிருந்தேன், முந்தின நாள் இஸ்திரி போட்டது. எங்கள் வண்டிக்கு முன்னால் வந்த வண்டியிலிருந்து போலீஸ்காரர்கள் அரிசிப் பெண்களை இறக்கிவைத்திருந்தார்கள். வழக்கமாக முலுண்டில்தான் சோதனை நடக்கும். அன்றைக்கு ஏனோ இங்கே. பிளாட்பாரத்தின் ஓரத்தில் பதினைந்து இருபது பேர் குந்தியிருந்தார்கள். ஒரு கான்ஸ்டபிள், "பைட்டோ, இதர் பைட்டோ," என்று உட்காரச் சொல்லித் தடியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் பைகளை வாங்கிப் பெரிய சாக்கில் கொட்டச் சொன்னார். கொட்டும்போது சிதறியதை ஒரு கிழவி விரலால் பொறுக்கி மறுபடி சாக்கில்தான் போட்டாள்.

"பாரேன், இத்தனையும் வயத்துல கட்டிண்டு வந்திருக்கா," என்றாள் சிரிக்கிறவள். "நான் எல்லாரும் பிள்ளைத்தாச்சின்னு நினைச்சேன்."

"உஷ், சிரிக்காதே. பாவம்," என்றாள் கண்ணாடிக்காரி. "நம்மூர்க்காரா மாதிரி வேற இருக்கா சில பேர்."

நான் திரும்பிப் பார்த்தேன். கடைசியிலிருந்து மூன்றாவதாக என் அம்மா குந்தியிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் எங்கள் அடுத்த வீட்டுப் பெண், நான் அத்தை என்று கூப்பிடுகிறவள். அம்மாவின் பை ஏற்கெனவே போய்விட்டது. தளர்ந்த சேலையை ஒரு கையால் இடுப்பில் பிடித்துக்கொண்டிருந்தாள். அத்தைதான் என்னை முதலில் பார்த்தாள். முகம் மலர்ந்து, கூப்பிட வாயைத் திறந்தாள். ஆபீசில் வேலை பார்க்கிற பிள்ளை, நாலு வார்த்தை இங்கிலீஷில் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்திருப்பாள். அம்மா அவள் கையைப் பிடித்து அமுக்கினாள். அத்தையின் வாய் அப்படியே மூடிக்கொண்டது. பிறகு அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முந்தானையை இழுத்து முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

வண்டி வந்தது. நான் ஏறினேன்.

என்னைத் தள்ளிக்கொண்டு போகிற கூட்டம் அன்றைக்கு இல்லை. நானாகத்தான் கம்பியைப் பிடித்து ஏறினேன். மாதுங்காவில் இறங்கி அவர்களோடு ஓட்டலுக்குப் போய்க் காப்பி குடித்தேன். காப்பி நன்றாகத்தான் இருந்தது. தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் எனக்கு நல்லது, ஆனால் இறங்கியது. அன்றைக்குக் காப்பிக்குக் காசு கொடுத்ததும் நான்தான். என் முறை.

வீட்டுக்கு வந்தபோது மணி நாலு. அம்மா இல்லை. தங்கச்சி மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"அம்மை எங்க?"

"தெரியாத மாதிரி கேக்க."

"தெரியாதுன்னுதானே கேக்கேன்."

அவள் கையில் ஒட்டிய மாவை உருட்டிக்கொண்டே சொன்னாள். "செவ்வாயும் சனியும் போவா. அத்தை கூட. கல்யாணுக்கு அங்கிட்டு எங்கயோ. அப்பாவுக்கு வயிறு வலிச்சுதுல்லா, அதுக்குப் பொறவு. வீட்டுக்குக் கொஞ்சம் வச்சுக்கிட்டு மீதிய வித்துருவா. அத்தை சொல்லுவா, எனக்கு எட்டு மாசம், ஒங்க அம்மைக்கு ஆறு மாசம், ரெண்டும் சயான் ஸ்டேஷன்ல பெத்துருவோம்னு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு நிறுத்திக்கொண்டாள். "ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னா."

"ஏன்?"

"நீ ஆபீஸ் போறவ. ஒனக்குக் கேவலமா இருக்கும்னா."

அப்போதுதான் எனக்குக் கணக்கு முழுசாகப் புரிந்தது. மிஞ்சியது என்று நான் நினைத்தது மிஞ்சியது இல்லை. நான் குறைக்கக் குறைக்க அவள் சம்பாதித்துக் கொட்டியிருக்கிறாள். முதலில் செவ்வாய் மட்டும்தானாம். நான் இரண்டாம் தடவை குறைத்த பிறகுதான் சனிக்கிழமையும் சேர்ந்ததாம். சனிக்கிழமை நான் மாதுங்காவில் காப்பி குடித்துவிட்டு நாலு மணிக்குத்தான் வருவேன் என்பதால் அவளுக்கு அது தோதான நாள்.

அம்மா ஏழு மணிக்கு வந்தாள். அரிசியைப் பறித்துக்கொண்டு, எச்சரித்து விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. என்னிடம், "சயான்ல ஒரு சாவு வீடு. போயிட்டு வர நேரமாயிட்டு," என்றாள். அப்பா தலை நிமிராமல், "காலு வலிக்கா?" என்று கேட்டார். சாவு வீட்டுக்குப் போய் வந்தவளிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து என்னிடம் நீட்டினாள்.

"இந்த வாரம் கொஞ்சம் கொறஞ்சு போச்சுட்டி. அடுத்த வாரம் சரிக்கட்டிருதேன்."

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது என்ன என்று இன்றைக்கு எனக்கு நன்றாகத் தெரியும். நீங்களும் அறிவீர்கள். நான், "சரி," என்றேன்.

ஸ்டேஷனில் நடந்ததைவிட இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டம். ஸ்டேஷனில் யோசிக்க நேரம் இல்லை. அதற்குப் பிறகு ஆறு வாரம் நேரம் இருந்தது. ஒவ்வொரு நாளும் வண்டியில் உட்கார்ந்து யோசித்தேன். அம்மா போவதை நிறுத்தச் சொல்ல வேண்டும். சொன்னால் வாரச் செலவைப் பழையபடி கூட்டிக் கொடுக்க வேண்டும். கூட்டிக் கொடுத்தால் ஏப்ரலுக்குள் பகடிப் பணம் முழுசாகாது. அறை அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஆறு வாரம்தானே, பன்னிரண்டு தடவை, அதற்குப் பிறகு நிரந்தரமாக நிறுத்திவிடலாம் என்று எனக்கு நானே பேசினேன். அவள் வயிற்றைச் சுற்றி இருக்கும் கொப்புளத்தோடு பன்னிரண்டு தடவை என்று நான் சேர்த்துச் சொல்லிக்கொள்ளவில்லை.

நான் செய்தது ஒன்றே ஒன்று. ரயிலை மாற்றிக்கொண்டேன். சனிக்கிழமைகளில் டைப் அடிக்க வேலை பாக்கி இருக்கிறது என்று தோழிகளிடம் சொல்லிவிட்டு, அவர்களை ஒன்று இருபதுக்கு அனுப்பினேன். வெறும் அறையில் மூன்று மணி நேரம் உறை போட்ட இயந்திரங்களோடு உட்கார்ந்திருந்துவிட்டு, நாலே கால் வண்டியில் ஏறினேன். மறுபடி அந்தப் பிளாட்பாரத்தில் அவளைப் பார்த்துவிடக் கூடாது. பார்த்தால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும்.

அடுத்த சனிக்கிழமை முந்தானை முடிச்சில் வழக்கத்தைவிடக் கூடவே இருந்தது. சொன்னபடி சரிக்கட்டியிருந்தாள்.

ஏப்ரலில் பகடிப் பணத்தைக் கட்டினோம். அப்பா அந்த அறைக்குள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். "செங்கல்லு," என்றார் பெருமையாக. தங்கச்சி குழாயை முப்பது தடவை திறந்து மூடினாள். அத்தை தாராவியிலிருந்து கூடவே வந்து பாத்திரங்களை இறக்கி வைத்துவிட்டு, "இனிம எனக்குத் துணைக்கு யாரு?" என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "சந்துல வேற ஆளா இல்ல?" என்றாள். அன்றிலிருந்து அவள் போகவில்லை. நான் நிறுத்தச் சொல்லவில்லை. தேவை தீர்ந்தது, அவளாகவே நிறுத்திக்கொண்டாள்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதுங்காப் பெண்கள் இரண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டேன். இதற்காகத்தானே எல்லாம். ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டிருந்தேன். கீழே அணுசக்தி நகருக்குப் போகும் பஸ் நின்று போவது ஜன்னலில் தெரியும், அதையும் காட்டினேன். அம்மா சாம்பார், ரசம், இரண்டு கறி, அப்பளம் எல்லாம் செய்திருந்தாள். பிளாக் அரிசிதான், இந்தத் தடவை காசு கொடுத்து வாங்கியது. சிரிக்கிறவள் மூன்று தடவை சோறு வாங்கினாள். "மாமி, உங்க ரசத்துக்காகவே இங்கே குடிவந்துடலாம்," என்றாள்.

கண்ணாடிக்காரி மட்டும் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமி, உங்களை நான் எங்கேயோ பார்த்திருக்கேன்."

எனக்குக் கையில் இருந்த உருண்டை கையிலேயே நின்றது. அம்மா கரண்டியைச் சோற்றுப் பானையில் விட்டபடியே சொன்னாள். "என்ன மாதிரி மொகம் பம்பாயில ஆயிரம் கெடக்கும் தாயி. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ரெண்டு பாக்கலாம். மோருக்குச் சோறு வைக்கட்டா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விக்ரோலியில்தான் பார்த்தாய், என் அம்மாதான் அது என்று சொல்ல எனக்கு நாலு வார்த்தை போதும். மெட்ரிக் படித்த எனக்கு அந்த நாலு வார்த்தை வரவில்லை. இரண்டாம் முறையாக அவள் எனக்காக முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவர்கள் நாலு மணிக்குப் போனார்கள். அப்பாவும் தங்கச்சியும் அவர்களை ஸ்டேஷன்வரை கொண்டுவிடப் போனார்கள். ஐந்து மணிக்குத் தண்ணீர் வந்தது. அம்மா குழாயடியில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தாள். நான் பக்கத்தில் நின்று கழுவி எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"எம்மா, அன்னைக்கு விக்ரோலியில நான் ஒன்னப் பாத்தேன்."

தேய்க்கும் கை நிற்கவில்லை. "நானுந்தாம் ஒன்னப் பாத்தேன். பச்சைச் சேல. புதுசா இஸ்திரி போட்டது."

"நான் வந்திருக்கணும்."

"வந்து? ஒன்னயும் எம்பக்கத்துல குந்த வச்சிருப்பான். கூட நின்ன பிள்ளைகளுக்கு முன்னால. ஒங்க அத்தை கூப்பிடத்தாம் பாத்தா, நாந்தாம் கைய அமுக்குனேன். அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லட்டி."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு நெஞ்சு லேசாயிற்று. இவ்வளவு நாள் சுமந்தது இவ்வளவுதானா என்று இருந்தது. ஒரு தட்டை வாங்கிக் கழுவினேன். அவள் அடுத்த தட்டை எடுத்துச் சாம்பலைத் தேய்த்தாள்.

"அதுக்குப் பொறவு நீ ரயில மாத்துனேல்லா," என்றாள்.

கழுவின தட்டையே மறுபடி கழுவினேன்.

"நாலு மணிக்கு வாரவ அஞ்சு மணிக்கு வர ஆரம்பிச்சே. சரி, பிள்ளை மனசுல வச்சிருக்கா, இன்னைக்குச் சொல்லுவா, நாளைக்குச் சொல்லுவான்னு பாத்தேன். இனிமப் போவாதம்மான்னு ஒரு வார்த்த. நீ சொன்னாலும் நான் போயிருப்பேன், அது வேற. ரூம்பு வேணும்லா." தட்டைத் திருப்பி அடிப்பக்கம் தேய்த்தாள். "ஒவ்வொரு சனியும் முடிச்ச அவுக்கும்போது ஒன் மொகத்தப் பாப்பேன். நீ துட்டத்தாம் பாப்ப."

அவள் குரலில் கோபம் இல்லை. அப்பாவின் வேட்டி நைந்துபோயிற்று என்று சொல்கிற அதே குரல். மன்னிச்சுக்கோ என்பது எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லிப் பழகாத வார்த்தை. பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டது. அந்த இடத்தில் அதைச் சொன்னால் அவளுக்கு வேறு யாரோ பேசுவதுபோல இருக்கும். கழுவின தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். என்னை இல்லை, குழாயை.

"கொழாய மூடு. தண்ணி சும்மா போவுது."

மூடினேன்.